படகு மரம், அக்கரையிலிருந்து

மெல்பர்ன்
6 மார்ச் 1994

அன்புள்ள டல்சி அக்காவுக்கு,

உன் குட்டி எழுதுகிறேன். நலம். நீயும் கிளெம் அண்ணனும் நலமா? உன் கிளினிக் வேன் நலமா? வேனைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் இன்னும் அதே மாடி அறையில்தான் இருக்கிறேன். கீழே மீன் வறுக்கிற கடை. என் படங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் பசிக்கிறது என்கிறார்கள். முழங்கால் வலிக்கிறது. துணியைத் தரையில் விரித்து, மண்டியிட்டுத்தானே வரைகிறேன். மேசையில் வைத்து வரைந்தால் கை ஓடுவதில்லை. ஆறு தரையில்தானே கிடக்கிறது.

சரி, வளைத்து வளைத்துப் பேசுகிறேன், உனக்குப் புரிந்திருக்கும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

இங்குள்ள பெரிய கலைக்கூடத்தில் அக்டோபரில் என் படங்களை மட்டும் தனியாக வைக்கிறார்கள். எட்டுப் படம் கேட்டார்கள். ஏழு முடிந்துவிட்டது. எல்லாம் என் அப்பா வழி இடங்கள், ஏரிக்கரையும் மணல் மேடும். எட்டாவதாகப் படகு மரத்தை வரைய வேண்டும். பார்க்கா ஆறு திரும்புகிற அந்த வளைவு, அந்தப் பெரிய தைலமரம், நம் முன்னோர் படகுக்காகப் பட்டை உரித்த அந்த நீள வடு.

அது உன் அப்பா வழி இடம். நம் அம்மாக்கள் அக்கா தங்கை, அதனால் நாம் அக்கா தங்கை. அந்த மரத்தடியில் உட்கார்ந்து மீன் பிடிக்க எனக்கு உரிமை உண்டு, வரைய உரிமை இல்லை. அது உன்னுடையதும் உன் தம்பி கிளெம் அண்ணனுடையதும். நீங்கள் இருவரும் சரி என்று சொன்னால்தான் நான் வரையலாம். கேட்காமல் வரைகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படி இல்லை என்று உனக்குத் தெரியும்.

பதில் போடு. மாட்டேன் என்றாலும் போடு.

உன் தங்கை
நெரிடா


2 ஏப்ரல்

என் செல்லக் குட்டிக்கு,

நாலு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது முழுசாக மூன்று பக்கம். பிரித்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்தேன். படித்தால் மனு!

வேன் நன்றாக இருக்கிறது, உன்னை விசாரித்தது. ஓட்டி ஓட்டி எனக்குத்தான் இடுப்பு போய்விட்டது. ஒரு பக்கம் சர்க்கரைக்காரர்கள், ஒரு பக்கம் கர்ப்பிணிகள், நடுவில் ஜோ சித்தப்பா. அவருக்கு ஒரு நோயும் கிடையாது, ஊர் சுற்ற ஆசை. "என்னையும் ஏத்திக்கோ டல்சி, நெஞ்சு வலிக்குது" என்பார், கடை வந்ததும் "இப்ப சரியாப் போச்சு, நிறுத்து" என்பார். கடையில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு அம்மாவின் பெயர். செத்தவர் பெயரை நாம் யாரும் வாயால் சொல்லக் கூடாதல்லவா? அதனால் எல்லோரும் அவளை "ஏ ரொட்டி" என்று கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரப் பெண், பாவம், ஏன் என்று அவளுக்குத் தெரியாது. நேற்றுத்தான் உட்கார வைத்துச் சொன்னேன், அழுதுவிட்டாள். இப்போது அவளே ரொட்டி என்றுதான் கையெழுத்துப் போடுகிறாள்.

உன் விஷயம். எனக்குச் சம்மதம். ஆனால் நான் மட்டும் சொல்லிப் போதாது, நீயே எழுதியிருக்கிறாய். கிளெமிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னால் கத்த மாட்டான் என்று ஒரு கணக்கு. தப்புக் கணக்கு.

"அம்மாவைப் புதைக்க வராதவளுக்கு அந்த மரம் எதுக்கு?" என்றான்.

"அவ உன் தங்கச்சிடா" என்றேன்.

"தங்கச்சியா? தங்கச்சின்னா மூணு நாள் தள்ளியாவது வந்திருப்பா. மூணு மாசம் தள்ளியாவது வந்திருப்பா. நான் மரத்தடியில இடம் போட்டு வச்சிருந்தேன்க்கா அவளுக்கு" என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். கங்காரு வால் குழம்பு, அதையே வைத்துவிட்டுப் போனான் என்றால் பார்த்துக்கொள்.

நானும் சொல்லிவிடுகிறேன், குட்டி. உன்னை உன் அம்மா எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் பழம் பறிக்கப் போனபோது உனக்கு மூன்று வயது. அவள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் அம்மா உன்னை எப்படி வளர்த்தாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா செத்ததற்கு நீ வரவில்லை. வந்து எங்களோடு சேர்ந்து அழவில்லை. நான் உன்னை ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பொய் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

என்ன வரையப் போகிறாய் என்று ஒரு போட்டோ அனுப்பு. அவனுக்குக் காட்டிப் பார்க்கிறேன்.

உன் அக்கா
டல்சி


மெல்பர்ன்
20 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் வேலை செய்யவில்லை. கிளெம் அண்ணன் கோபப்படுவது சரிதான். அவரிடம் அப்படியே சொல்லிவிடு.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். திட்டாதே, தொடங்கிவிட்டேன். உங்கள் பதில் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். பாதிதான் முடிந்திருக்கிறது. இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும்வரை தூரிகையை அதன் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

ஏன் அவசரப்பட்டேன் என்று கேட்பாய். முடிந்த ஏழு படத்தையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. கலைக்கூடத்துக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஆனால் எனக்குத் தெரிகிறது, ஏழிலும் நான் இல்லை. கை தேர்ந்த யாரோ ஒருத்தி வரைந்திருக்கிறாள். இந்த மரத்தைத் தொடங்கியதும்தான் வரைவது என் கை என்று தெரிந்தது. அந்த வடுவின் இரண்டு உதடும் வருடா வருடம் உள்ளே வளர்ந்து மூடப் பார்க்குமே, அதை வரைய நாலு நாள் ஆனது. சிவப்பை எத்தனை தடவை குழைத்தாலும் கடைச் சிவப்பாகவே வந்தது. கடைசியில் அம்மா எனக்குக் கட்டிக் கொடுத்த நம் ஊர்ச் செம்மண் பொட்டலத்தைப் பிரித்தேன். அதில் இருந்ததே ஒரு கை மண்தான்.

கிளெம் அண்ணனுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன். நான் அனுப்பியது என்று சொல்லாதே, கிளினிக்கில் கொடுத்தார்கள் என்று சொல்.

நெரிடா


15 மே

நெரிடா,

காலுறையைப் போட்டுக்கொண்டான். "கிளினிக்குல இவ்வளவு நல்லதாவா குடுக்குறாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

போட்டோ வந்த அன்றைக்கு அதை முதலில் நான் மட்டும் பார்த்தேன். அழகு. எனக்கு வேறு வார்த்தை தெரியாது. ஆனால் சிரிப்பும் வந்தது. ஊரை விட்டுப் போய் இருபது வருடமானால் ஆறு எவ்வளவு இருக்கும் என்பதுகூட மறந்துவிடுமா? வடுவின் அடி வரை தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறாய். இங்கே ஆறு குட்டை குட்டையாகப் பச்சைப் பாசி பிடித்துக் கிடக்கிறது. அப்புறம், மரத்தை அக்கரையிலிருந்து பார்த்து வரைந்திருக்கிறாய். அந்தப் பக்கம் செம்மறிப் பண்ணை வேலியைத் தவிர என்ன இருக்கிறது? நாம் யாரும் அங்கே போனதே இல்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது கிளெம் முன்னால் போட்டோவைத் தள்ளினேன். பார்க்க மாட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு ஓரக் கண்ணால் பார்த்தான். பிறகு கையில் எடுத்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"அக்கா, இது என் படகு" என்றான்.

நான் கவனிக்கவே இல்லை. மரத்தடியில், வேரோடு சேர்த்துக் கட்டின மாதிரி ஒரு விரல்நகம் அளவுக்குத் தகரப் படகு வரைந்திருக்கிறாயே, அது. முன்பக்கம் பச்சை, பின்பக்கம் பெயின்ட் போதாமல் வெறும் தகரம்.

"படகுன்னா எல்லாப் படகும் ஒண்ணுதானேடா" என்றேன்.

"பாதி பச்சை அடிச்ச படகு இந்த ஆத்துல வேற எவன் வச்சிருந்தான்? அம்மா போறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் இதைக் கட்டினேன். புதைச்ச மறுநாள் வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. ரெண்டு வாரம்தான்க்கா என்கிட்ட இருந்தது. ஒரு போட்டோ கிடையாது. அவளுக்கு எப்படித் தெரியும்?"

டீ ஆறிப்போனது. அப்போதுதான் தண்ணீரும் எனக்கு ஞாபகம் வந்தது. வடுவின் அடி வரை தண்ணீர் ஏறினது என் வாழ்நாளில் ஒரே ஒரு வாரம்தான்.

குட்டி, மரத்துக்குப் பக்கத்து மேட்டில் அம்மாவைப் புதைத்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?

டல்சி


மெல்பர்ன்
24 மே

அக்கா,

அக்கரையில் இருந்தேன்.

உன்னிடம் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கிளெம் அண்ணனுக்கும் படித்துக் காட்டு.

உன் தந்தி திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமை அடக்கம் என்று எழுதியிருந்தாய். அப்போது எனக்கு முதல் கண்காட்சி. வியாழக்கிழமை மாலைக்குள் கடைசிப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். நாலு நாள் இருக்கிறதே, போய்விடலாம் என்று நினைத்தேன். அம்மா இறந்துவிட்டாள் என்று கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்து அந்தப் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். வியாழன் மாலை படத்தைக் கொடுத்துவிட்டு, கார் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளிக்கிழமை மதியம் பாலத்துக்கு இரண்டு மைல் முன்னால் சாலையில் தண்ணீர். போலீஸ்காரர் நின்றிருந்தார். "புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் வழி இருந்ததும்மா" என்றார்.

புதன்கிழமை வரை வழி இருந்தது, அக்கா.

பண்ணைப் பாதையில் இறங்கி, வேலியோரமாகவே வந்து, வளைவுக்கு நேர் எதிரே காரை நிறுத்தினேன். சனிக்கிழமை காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஊருக்கும் மேட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்றதால் கிளெம் அண்ணன் படகில் ஆட்களை ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். ஜோ சித்தப்பா இறங்கும்போது வழுக்கி விழப் பார்த்தார். நீ பழுப்பு உடுப்புப் போட்டிருந்தாய். தைல இலையைப் போட்டுப் புகை எழுப்பினீர்கள், காற்று என் பக்கம் அடித்தது, வாசனை வந்தது. பாட்டுக் கேட்டது. அம்மாவை இறக்கினபோது நீ கத்தினது கேட்டது. நான் காருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்பீர்கள். ஒரு படத்துக்காக நின்றுவிட்டேன் என்று அந்த ஆற்றுக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட வராமலே இருந்தாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம். அதற்கு வேறு பெயர் இல்லை.

எல்லோரும் போன பிறகும் படகு மரத்தில் கட்டியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் எதுவும் வரையவில்லை.

நெரிடா


20 ஜூன்

அன்புக் குட்டி,

பதில் தாமதம். வேண்டுமென்றேதான் தாமதித்தேன். கோபத்தில் எழுதிய மூன்று கடிதம் அடுப்புக்குப் போயிற்று. இது நாலாவது.

கிளெமுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றான். படித்தேன். பிறகு வாசலில் போய் நின்றுகொண்டு என்னிடம் கத்தினான், நீ என்று நினைத்து.

"பாட்டுக்கு நடுவுல நாலு தடவை வெறும் படகை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்க்கா! வெறும் படகு! ஒரு குரல் குடுத்திருந்தா வெள்ளத்துக்குக் குறுக்கால போயிருப்பேன். முங்கினாலும் போயிருப்பேன். எதுக்கு லேட்டுன்னு அன்னிக்கு எவன் கேக்கப் போறான்? ரெண்டு அறை விட்டுட்டு, கையைப் புடிச்சு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்!"

அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்கும் இல்லை. இப்போது பார்த்தேன்.

எனக்கும் கோபம்தான். நாலு வருடம் உன்னை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். வராதவள், கல் நெஞ்சுக்காரி, நகரத்துக்காரி என்று. நீ முப்பது கஜத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தனியாக அழுதாய் என்றால், நான் அந்தத் திட்டையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? பைத்தியக்காரி. என் பைத்தியக்காரி.

படத்தைப் பற்றி. வேண்டாம் என்கிறான் கிளெம். தண்டனையாகச் சொல்கிறான் என்று முதலில் சண்டை போட்டேன். அப்படி இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ மரத்தைத்தான் கேட்டா. மரத்தைக் குடுத்திருப்பேன். ஆனா வரைஞ்சது அந்த நாளை. அதை அவ கேக்கலை. அது என்னோடதும் இல்லை, உன்னோடதும் இல்லை. அம்மாவோட நாள். இப்பப் பார்த்தா அந்தக் கோடு புகை, அந்த மேடு அம்மாவோட மேடு, அந்தச் சின்னப் புள்ளியெல்லாம் ஆளுங்க. அதைப் போய் சுவத்துல மாட்டி, கையில ஒயினோட ஆளுங்க பாக்கணுமா?"

யோசித்துப் பார்த்தேன். அவன் சொல்வது சரி. நானும் என் சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படம் கண்காட்சிக்குப் போகக் கூடாது, குட்டி. உனக்கு அது எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு மெத்தை வைத்துக்கொள்.

உன் அக்கா
டல்சி


மெல்பர்ன்
3 ஜூலை

அன்புள்ள அக்கா,

படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். கலைக்கூடத்துக்காரர் பாதிப் படத்தைப் பார்த்தபோதே இதுதான் எட்டில் சிறந்தது, நுழைந்ததும் எதிரே மாட்டுவோம் என்று சொல்லியிருந்தார். "எங்க குடும்பத்துல வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். "அவங்களுக்கு எடுத்துச் சொன்னா புரியும்" என்றார். "எனக்குத்தான் அவங்க எடுத்துச் சொன்னாங்க" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏழு படத்தோடு கண்காட்சி நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. இரண்டுக்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

அண்ணன் சொன்னது சரிதான். எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும். மரத்தைக் கேட்கும்போதே நான் அந்த நாளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேராகக் கேட்கத் துணிவில்லாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பது வயது ஆனாலும் நான் திருந்தப் போவதில்லை என்று நீ சொல்வாய், இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். எரிக்கச் சொன்னால் எரிக்கிறேன். கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருகிறேன். அதைப் பற்றி எனக்கு இப்போது அவசரம் இல்லை.

இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். நான் வரலாமா? நம் வழக்கப்படி, உங்களோடு சேர்ந்து அழாமல் நான் அந்த ஊர் மண்ணில் கால் வைக்க முடியாது. நாலு வருடம் கழித்து வந்து அழுகிறேன் என்றால் அதற்கு இடம் கொடுப்பீர்களா? அண்ணன் வேண்டாம் என்றால் அதையும் அவர் சொன்னபடியே எழுது. மென்மையாக மாற்றி எழுதாதே.

நெரிடா


17 ஜூலை

என் தங்கமே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கிளெம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வேனைக் கழுவிக் கொடுத்தான். என் வேனை! அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வா. படத்தையும் எடுத்து வா. அதை என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஜோ சித்தப்பா தான் வழுக்கினதை நீ வரைந்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தால் அழிக்கச் சொல்கிறார்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி சனிக்கிழமை வருகிற பஸ்ஸில் ஏறு. ஆனால் ஊருக்குள் வந்து இறங்காதே. பாலத்துக்கு முன்னால் பண்ணைக் கேட்டில் இறக்கிவிடச் சொல். நான் வேனோடு அங்கே நிற்பேன். வளைவுக்கு எதிரே உன்னை விட்டுவிட்டு, நான் பாலத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவேன். "என்னோட வேன்லயே வரட்டுமேடா, அவளுக்கு முழங்கால் வலி" என்று சொல்லிப் பார்த்தேன். கிளெம் ஒத்துக்கொள்ளவில்லை. நீ எந்தக் கரையில் நின்றாயோ அந்தக் கரையிலிருந்துதான் வர வேண்டுமாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

பாட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன். புகைக்கு இலை நானே பறிப்பேன். முதலில் எல்லோரும் சேர்ந்து அழுவோம், பேச்செல்லாம் அப்புறம். பிறகு சாம்பலில் சுட்ட ரொட்டியும், உனக்குப் பிடித்த மஞ்சள்வயிறு மீனும், கிடைத்தால். ரொட்டி என்றதும் ஞாபகம் வந்தது, கடைப் பெண்ணும் வரட்டுமா என்று கேட்டாள். வரச் சொன்னேன்.

குளிர் அதிகம், கனமான கோட்டு எடுத்து வா. மீதியைக் கிளெம் எழுத வேண்டுமாம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவன் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. காகிதத்தைப் பிடுங்குகிறான், நிறுத்துகிறேன்.

உன் அக்கா
டல்சி

நெரிடா,

எனக்கு எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். காலுறை நீ அனுப்பினதுன்னு எனக்கு முதல்லயே தெரியும். கிளினிக்குல எவன் குடுக்கிறான் அந்த மாதிரி.

ஆத்துல இப்ப தண்ணி கெடையாது, நடந்தே வந்துரலாம். ஆனா நீ நடந்து வராத. அந்தக் கரையில வந்து நில்லு. நான் மரத்துக்கிட்ட இருப்பேன். உன்னைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி முதுகு காட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். நீயா கூப்பிடணும். அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டிருக்கணுமோ அப்படி, சத்தமா, என் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

வந்து கூட்டிட்டுப் போறேன்.

கிளெம்